நுவரெலியாவுக்குச் சின்னப் புள்ளையோடு போகிறவர்களுக்கு



டிசம்பர் வந்தால் நம்மூரில் இரண்டு விடயம் நிச்சயம். ஒன்று வீதியில் வெள்ளம். மற்றது, "நுவரெலியாவில எந்த ஹோட்டல் நல்லம்?" என்ற கேள்வி. சின்ன மகளோடு இரண்டு இரவு தங்கி வந்த படங்களை நாங்கள் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் இந்தக் கேள்வி நிற்கவேயில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியாது. அதனால் ஒரே தடவையில், கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம்.

ஹோட்டல் பெயர் சொல்ல மாட்டோம், கோபிக்க வேண்டாம். அங்கே ஒரே ஹோட்டலின் முன்பக்க அறையும் பின்பக்க அறையும் இரண்டு ஊர் மாதிரி. எங்களுக்கு அமைந்த அறை உங்களுக்குக் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. தேடிய விதத்தைச் சொல்கிறோம், அதுதான் உதவும்.

மகளுக்கு அப்போது மூன்றரை வயது. மழைக் குளிர் பட்டால் முட்டு வரும் பிள்ளை. போன வருட மாரியில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் நெபுலைஸ் பண்ணியிருக்கிறோம். பயணக் கதையை எடுத்ததுமே உம்மம்மா வாயைத் திறந்துவிட்டா: "கடல் காத்துக்கே இழுக்கிற புள்ளைய மலைக்குக் கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க?" பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் மூத்தவனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பதும் அந்த மாதம்தான். பிள்ளையை வழமையாகக் காட்டுகிற டொக்டரிடம் போனோம். "கூட்டிப் போகலாம். இன்ஹேலரை மறக்காதீங்க. நனைய விடாதீங்க, புகைக்குள்ள வைக்காதீங்க" என்றார். அந்தக் கடைசிச் சொல் எங்களுக்குப் பிறகு பெரிதாக உதவியது.

கடலோரத்தில் பிறந்த நமக்கு வெயிலைத் தெரியும், வெள்ளத்தைத் தெரியும், குளிரைத் தெரியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். அந்தக் கணக்கில் நம்மூரைவிட அங்கே பன்னிரண்டு பாகை குறைவு. டிசம்பர் இரவுகளில் பத்து, பன்னிரண்டு பாகைக்கு இறங்குவது சாதாரணம். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த விடியல்களில் புல்லில் உறைபனியும் படியும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை, எங்களோடு கல்வியியற் கல்லூரியில் படித்து இப்போது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நண்பர் சொன்னார்: "மச்சான், குளிர் வெளிய இல்ல, றூமுக்குள்ளதான்."

அவர் சொன்னது சரி. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் சூடாக்கும் ஏற்பாடு இருக்கும். நுவரெலியாவில் பெரிய ஹோட்டல்கள் சிலவற்றைத் தவிர மற்ற இடங்களில் அப்படி ஒன்றும் இல்லை. வெளியே என்ன குளிரோ, விடியற்காலையில் அறைக்குள்ளும் கிட்டத்தட்ட அதே குளிர். பகலில் பிள்ளை ஓடித் திரியும், சுவெட்டர் போதும். இரவில் எட்டு, ஒன்பது மணித்தியாலம் ஒரே இடத்தில் கிடக்கும். ஆகவே நாங்கள் பகலுக்கு ஹோட்டல் தேடவில்லை, இரவுக்குத் தேடினோம்.

அப்படித் தேடத் தொடங்கியதும் படங்களில் மயக்கியவை எல்லாம் வரிசையாகக் கழன்றன. முதலில் போனது 'லேக் வியூ'. சுவர் முழுக்கக் கண்ணாடி, கட்டிலில் படுத்துக்கொண்டே கிரகரி வாவியைப் பார்க்கலாம். நண்பர் சிரித்தார்: "ராவுல லேக்கும் தெரியாது, வியூவும் தெரியாது. கண்ணாடியால குளிர் மட்டும் வரும்." தனிக் கண்ணாடி, கனத்த திரை இல்லை என்றால் பிள்ளையின் கட்டில் அதன் ஓரத்தில் கிடக்கவே கூடாது. சின்ன ஜன்னல், கனத்த திரை, முடிந்தால் கிழக்குப் பார்த்த அறை. காலை வெயில் ஏழு மணிக்கே உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பெறுமதி அதிகம்.

கம்பளம் விரித்த அறை அழகுதான். ஆனால் அந்த ஊரின் ஈரத்தில் பழைய கம்பளம் பூஞ்சணம் பிடிக்கும், வாசனையிலேயே தெரியும். முட்டு உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. எங்களுக்குப் பலகைத் தரை கிடைத்தது. தரை ஓடு போட்ட அறை என்றால் வீட்டிலிருந்து ஒரு பாயைக் கொண்டு போங்கள். இல்லையென்றால் பிள்ளை விடியற்காலையில் வெறுங்காலோடு இறங்கி நிற்கும். எத்தனை சோடி மேஸ் போட்டாலும் கழற்றி எறிகிற வயது அது.

பிறகு சுடுதண்ணீர். "24 மணித்தியாலமும் சுடுதண்ணி" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைக் கேட்காதீர்கள். தண்ணீர் எதில் சூடாகிறது என்று கேளுங்கள். கூரையில் சூரிய வெப்பத்தில் சூடாகிற தொகுதி என்றால், டிசம்பரில் இரண்டு நாள் மூடலாக இருந்தால் மாலையிலேயே குளிர்ந்துவிடும். மின்சாரக் கீசர் என்றால் பரவாயில்லை. நாங்கள் வைத்த கேள்வி ஒன்றுதான்: "காலையில அஞ்சு மணிக்கு சுபஹுக்கு வுழூ செய்ய சுடுதண்ணி வருமா?" இந்தக் கேள்விக்கு இரண்டு இடத்தில் பதில் வராமல் ஃபோனில் இருமல் மட்டும் வந்தது. வருகிற இடத்தில் பிள்ளையைக் கழுவவும் வரும் என்று எடுத்துக்கொண்டோம். அறையில் கேத்தல் இருக்கிறதா என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள். நள்ளிரவில் பால் கரைக்க ரிசப்ஷனுக்கு இறங்கிப் போக முடியாது.

இனி இந்தப் பதிவு எழுதியதற்கு முக்கியமான காரணம்.

ஒரு இடம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பழைய பங்களா, முன்னால் பூந்தோட்டம், விலையும் கைக்குள். ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டோம். பேசியவர் நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னார்: "ஹீட்டர் இல்ல சேர். கரி அடுப்பு ஒண்டு மூட்டி றூமுக்குள்ள வச்சுத் தருவம். கதவு ஜன்னல நல்லா மூடிட்டுப் படுங்க, சுப்பரா இருக்கும்."

பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற பாடம் இது. கரி எரிவதற்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காதபோது குறை தகனம் நடந்து காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, சத்தி, மயக்கம். மலை ஏறி வந்த களைப்பு என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது, எழும்பவே மாட்டார். சின்னப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்செடுப்பதால் அவர்களுக்குத்தான் முதலில் பாதிக்கும். புகை அடங்கி, நெருப்புத் தணல் மட்டும் சிவந்து கிடக்கும்போது ஆபத்துப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தணலிலிருந்தும் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

எழுதிக் காட்டுகிற நாங்களே அன்று வீட்டில் அரை மணித்தியாலம் வாதாடினோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்கு அந்தப் பங்களாவை விட மனமில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா, படுக்கும்போது அடுப்பை வெளியில் வைத்தால் என்ன என்று கேட்டார். மற்றவர் கேட்டது இதுதான்: நடுச்சாமத்தில் பிள்ளை குளிருது என்று அழுதால் அந்த ஜன்னலை நாமே மூடுவோமா, மாட்டோமா? மூடுவோம். இருவருக்கும் தெரியும். டொக்டர் சொன்ன புகைக் கதையும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அழைத்து, வேண்டாம் என்றோம். "ஒண்டும் நடக்காது சேர், எல்லாரும் வச்சுத்தான் படுக்கிறாங்க" என்றார். அவரோடு மேலே பேசவில்லை.

இதே வாயுதான் பார்பிகியூ மெஷினிலும். பல்கனியில் கோழி சுடுகிறோம், மழை வருகிறது, அப்படியே உள்ளே இழுத்து வைக்கிறோம். நம்ம ஆட்கள் போகிற வேன் பயணங்களில் இது நடக்கிறது, நாங்களே கண்டிருக்கிறோம். மழை வந்தால் கோழியை மட்டும் உள்ளே எடுங்கள். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் பொருத்திய இடமென்றால் அதையும் கேளுங்கள். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது மின்சார எண்ணெய் ஹீட்டர் தருகிற ஒரு சாதாரண கெஸ்ட் ஹவுஸ். ஹீட்டருக்கு இரவொன்றுக்குத் தனிக் காசு. கம்பி சிவந்து எரிகிற ஹீட்டரும் உண்டு. அதில் பிள்ளை கை வைக்கும், திரை பட்டால் பிடிக்கும். எண்ணெய் ஹீட்டரில் அந்தப் பயம் குறைவு, ஆனால் அறை சூடேற ஒரு மணித்தியாலம் எடுக்கும். இஷாவுக்கு முன்னரே போட்டுவிடுவோம். கேத்தலையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். முதல் இரவே அது நடந்து, இருட்டில் மகள் அலறி, பக்கத்து அறைக்காரர் டோர்ச்சோடு வந்து, ஒருவரை ஒருவர் அறிமுகமானோம். வாழைச்சேனைக்காரர்கள்.

இடம் எங்கே என்பதும் முட்டுக்கார பிள்ளைக்கு முக்கியம். நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீற்றர் மேலே, தேயிலைக்குள், அமைதியாக அருமையான இடங்கள் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மூடுபனிக்குள் அந்தச் செங்குத்துப் பாதையால் பிள்ளையை இறக்க வேண்டி வந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தோம். நகருக்குள்ளேயே எடுத்தோம். மாவட்டப் பொது வைத்தியசாலை கிட்ட, பாமசி கிட்ட, பள்ளிவாசல் கிட்ட, ஹலால் சாப்பாட்டுக் கடைகள் நடக்கிற தூரம். பஸ் சத்தம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் அங்கேயும் வரும், ஆனால் அதுவும் அந்த மூடுபனிக்குள்ளால்தானே ஏறி வர வேண்டும்.

நாங்கள் போனது டித்வாவுக்கு முன்னர். 2025 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மலையகத்தில் செய்ததைப் பார்த்த பிறகு இன்னொரு கேள்வியும் கட்டாயம்: கட்டடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வெட்டிய மண் மேடு என்றால் மழை நாளில் பின்பக்க அறை வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாட்களில் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அழைத்தால் விபரம் கேட்கலாம். முற்பணம் போனால் போகட்டும்.

நாங்கள் கல்முனையிலிருந்து அம்பாறை, மஹியங்கனை, பதுளை, வெலிமடை வழியாகப் போனோம். வளைவுகளில் இரண்டு பிள்ளைகளும் சத்தி எடுத்தார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பகல் இரண்டு மணிக்குள் அறைக்குப் போய்ச் சேரப் பாருங்கள். ஆறு மணிக்கு இருண்டுவிடும், அதற்குள் அறையைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்றிக் கேட்கலாம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சனி, ஞாயிறு ஒரு விலை, மற்ற நாள் ஒரு விலை. ஏப்ரல் சீசனில் கேட்கவே வேண்டாம். நம்ம சம்பளத்துக்குச் செவ்வாய், புதன் நல்லது.

நண்பர் இரண்டாம் நாள் எங்களைப் பார்க்க வந்தார். ஹீட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்கட ஸ்கூல் புள்ளைகள் லயத்துல அடுப்படிக்குப் பக்கத்துல சுருண்டு படுத்துட்டு விடிய வருதுகள், மச்சான்" என்றார். சிலருக்குச் சுவெட்டரே இல்லையாம். அந்தப் புகைக்குள் படுத்து எழும்பி வகுப்பில் இருமுகிற பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொன்னார். திரும்பி வரும்போது எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இனித் தேவைப்படாத கம்பளி உடுப்புகளை அவரிடமே விட்டு வந்தோம். நீங்களும் போனால் அப்படிச் செய்யலாம். அவருடைய நம்பரைக் கேட்டால் இன்பொக்ஸில் தருகிறோம், அவர் சம்மதம் தந்திருக்கிறார்.

மகளுக்கு முட்டு வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். முதல் நாள் விடியற்காலை வாசலில் நின்று தன் வாயிலிருந்து ஆவி வருவதைப் பார்த்துப் பயந்துபோய், "உம்மா, வாய்க்குள்ள நெருப்பு எரியுது" என்று அழுதாள். பிறகு நாள் முழுக்க அதையே ஊதிக்கொண்டு திரிந்தாள்.

போகிறவர்கள் பிள்ளைக்குக் கையுறை இரண்டு சோடி எடுங்கள். ஒரு சோடி கிரகரி வாவிக்குள் போகும்.