கோடு விழுந்தது, தேதி விழவில்லை

குவெம்புநகரில் லாப்ரடார் குட்டிகள் விற்கும் ஓர் அம்மாள் என் கட்சிக்காரர். அவரிடம் இரண்டு மாதக் குட்டி வாங்கியவர், நோயை மறைத்து விற்றுவிட்டதாக மைசூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருந்தார். வாங்கிய பதினைந்தாம் நாள் காய்ச்சல், ஈறு வெளுத்துப்போனது. கிளினிக்கில் ரேபிட் கிட்டில் சொட்டு ரத்தம் விட்டதும் பேபீசியா கிப்சோனிக்கு எதிர்ப்பொருள் இருப்பதாகக் கோடு விழுந்தது. அந்தக் கிட்டின் போட்டோதான் முதல் ஆவணம்.

உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி இது. சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். 1910இல் பேட்டன் இதை முதலில் விவரித்ததே மெட்ராஸ் ஹண்ட் வேட்டைநாய்களின் ரத்தத்தில் கண்டுதான். நம்மூர்ச் சரக்கு!

வழக்குக்கு வேண்டியது ஒன்றே: நோய் வந்தது விற்பனைக்கு முன்பா, பின்பா? கிட் அதைச் சொல்லாது. எதிர்ப்பொருள் கிருமி அல்ல, கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்தது. தொற்றிய உடனே தென்படாது. குணமான பிறகும் மாதக்கணக்கில் தங்கும். ஸ்மியரில் ஒட்டுண்ணியையே தேடியிருக்கலாம், குறைவாக இருந்து கண்ணுக்குத் தப்பினால் பிசிஆர் இருக்கிறது. இரண்டும் செய்யவில்லை.

நுகர்வோர் வழக்கில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரம்தான் சாட்சி. கூண்டில் ஏற்றிக் குடைய வாய்ப்புக் குறைவு. கிட்டில் சோதித்த டாக்டருக்கு எழுத்தில் கேள்விகள் அனுப்பினேன். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருளும் இதே கோட்டைக் காட்டுமா? டாக்டர் நேர்மையானவர். "காட்டலாம்" என்று எழுதியிருந்தார்.

"அப்ப ஜெயிச்சிட்டோமா சார்?" என்றார் அம்மாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீம்பாலில் வந்தது என்றால் தாய்க்குத் தொற்று இருந்தது என்றாகிறது. கருவிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு இந்த ஒட்டுண்ணி போவதும் உண்டு. எதிர்தரப்பு வக்கீல் அந்த நுனியைப் பிடித்தால் என் வாதம் அவருடையதாகிவிடும்.

"தாய்க்கு எப்பவாவது உண்ணிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"போன வருஷம் வந்துச்சு. ஊசி போட்டோம், சரியாயிடுச்சு. அதை எதுக்கு இப்ப கேக்கறீங்க?"

அன்றைக்கே சமரசம் பேசச் சொல்லிவிட்டேன். குட்டி பிழைத்திருந்ததால் வாங்கியவரும் இறங்கி வந்தார். மருத்துவச் செலவில் பாதியை அம்மாள் தருவது, புகாரைத் திரும்பப் பெறுவது என்று கூட்டு மனு தயாரானது. அடுத்த ஈற்றுக்கு முன் தாய்க்கு பிசிஆர் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வாங்கியவர் சேர்க்கச் சொன்னார். பணத்துக்குச் சட்டெனத் தலையாட்டிய அம்மாள், அதற்குத்தான் கடைசிவரை முரண்டு பிடித்தார்.