என்ன ஏற்றப் போகிறாய்?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பதினெட்டு வருஷமாகக் காய்கறி லோடு அடிக்கிறேன். முதல் வண்டி குட்டி யானை. அதற்குப் பிறகு மூன்று பிக்கப். அதனால் புது வண்டி எடுக்கப் போகிறவர்கள் கொட்டேஷன் தாளோடு என்னைத் தேடி வருவார்கள். வந்ததும் கடைசி வரியில்தான் விரலை வைப்பார்கள்: "ஆன் ரோடு இவ்வளவு சொல்றாங்கண்ணே, பரவாயில்லையா?" தாளை வாங்கும் முன்பே நான் கேட்பது, என்ன ஏற்றப் போகிறாய் என்று.

முருங்கைக்காய் ஏற்றுகிறவருக்கு எடை நிரம்புவதற்குள் இடம் நிரம்பிவிடும். அவருக்கு வேண்டியது டெக்கின் நீளம். தக்காளிக்கு நேர்மாறு. பெட்டிக்கு 14 கிலோ, பெட்டியின் எடை தனி. 1.3 டன் வண்டியில் எண்பது சொச்சம் பெட்டி ஏறியதுமே கணக்கு முடிந்துவிடும். மேலே இடம் காலியாகக் கிடக்கும். சிக்கல் என்னவென்றால், நீள டெக் பெரும்பாலும் அதிக எடை தூக்கும் மாடலோடு சேர்ந்தேதான் வரும். நீளத்துக்காக அதை எடுத்தால், லோடோடு சேர்ந்த மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் 3,000 கிலோவைத் தாண்டிவிடலாம். அதற்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் எடுத்தாக வேண்டும். இந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

டெக் இல்லாத கேபின் சேசிஸ் விலை குறைவு என்று என் மூன்றாவது வண்டியை அப்படி எடுத்து, நாமக்கல்லில் பாடி கட்டினேன். வேலை அருமையான வேலை. கனத்த தகடாகப் போடச் சொன்னது நான்தான். எடைமேடையில் ஏற்றிய பிறகுதான் உறைத்தது: பாடியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் லோடில் குறைகிறது. அந்த வண்டி ஓடிய காலம் முழுக்க, நடைக்கு நடை சில பெட்டிகளைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

இரண்டு ஷோரூம் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்சூரன்ஸ் வரியை நான் மேலோட்டமாக விடுவதில்லை. இரண்டாவது வண்டி வாங்கியபோது விலை குறைவான தாளைத்தான் எடுத்தேன். மூன்றாம் மாதம் முன்பக்கம் இடித்து பம்பரும் ஹெட்லைட்டும் போயின. க்ளைம் கிடைக்கவில்லை. சரக்கு வண்டி பாலிசியில் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்காவிட்டால், வண்டி முழுசாகச் சேதமானால் ஒழிய, பம்பர், விளக்கு, மட்கார்டு, பெயின்ட் எதற்கும் பணம் வராது. அதை எடுத்துவிட்டுத்தான் எனக்கு விலையைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள்.

வட்டியும் இப்படித்தான். எட்டு லட்சம் கடன், நாலு வருஷம், 7 சதவீதம் பிளாட் என்றால் மாதத் தவணை 21,333 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 12.7 சதவீதம். தவணைத் தொகையையும் மாதங்களையும் பெருக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியை நான் நம்புவதில்லை.

பவர் ஸ்டீயரிங்கில் மட்டும் யாரையும் மிச்சம் பிடிக்க விடமாட்டேன். அது இல்லாத வண்டியை லோடோடு மலைப்பாதையில் வருஷக்கணக்கில் திருப்பிய என் டிரைவருக்கு இன்று வலது கை தோளுக்கு மேல் எழாது. ஏசியும் அப்படித்தான். 3.5 டன்னைத் தாண்டும் லாரிகளுக்கு ஏசி கேபின் வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பிக்கப் ஓட்டுகிறவருக்கும் அதே வெயில்தான். சீட் கவர், மேட், ஸ்டிக்கர், மியூசிக் சிஸ்டம் என்று ஒரே பொட்டலமாகப் போடுவதை அடித்துவிட்டு அந்தப் பணத்தை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

போன வாரம் வந்த தம்பியின் இரண்டு தாள்களுக்கும் 38,000 ரூபாய் வித்தியாசம். ஆக்ஸசரீஸை அடித்து, இன்சூரன்ஸை ஒரே அளவுக்குக் கொண்டுவந்ததும் ஒன்பதாயிரமாகச் சுருங்கியது. அந்த ஒன்பதாயிரம் ஏன் என்று தெரிய, சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கச் சொன்னேன். குறைந்த விலை வண்டி போன வருஷம் தயாரானது. விற்கும் நாளில் ஆர்.சி.யில் இருக்கும் அந்த வருஷத்தைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.

தம்பி நாளைக்கு இரண்டு யார்டுக்கும் போகிறார். ஏற்றப் போவது முருங்கை. டெக்கை உள்பக்கமாக அளந்து வர என் டேப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.