இரும்பின் ஓசை: 1980 ஆம் ஆண்டின் சில இசைத்தட்டுகள்

ஹெவி மெற்றல் எனப்படும் இசையை விரும்பிக் கேட்பவன் நான் என்று சொல்லும்போது கலைப்பீடத்திலே இரண்டு வகை முகங்களைக் காண்கிறேன். ஒன்று, "அதுவும் ஓர் இசையா?" என வினவும் முகம். மற்றையது, வினவாமலே இரங்கும் முகம். பண்ணிசையும் நாட்டார் பாடலும் ஆராயப்படும் இத்தகைய மலரிலே அதனைப் பற்றி எழுதுவது வீண் துணிச்சல் என நண்பர்கள் எச்சரித்தனர். ஆயினும் 1980 ஆம் ஆண்டில் வெளிவந்த சில இசைத்தட்டுகளைப் பற்றிக் கூறாதிருக்க எனக்கு மனமில்லை. அவ்வாண்டில் நான் பிறந்திருக்கவில்லை. ஆனால், அவற்றுள் தலைசிறந்தது எது என்ற வழக்கு எங்கள் விடுதி அறையிலே இன்னும் தீர்ந்தபாடில்லை.

அவ்வாண்டின் விளைச்சல் வியப்புக்குரியது. ஏப்ரல் மாதத்தில் மட்டும் ஜூடாஸ் பிறீஸ்ற் குழுவின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்', அயன் மெய்டன் குழுவின் முதலாவது இசைத்தட்டு, பிளாக் சபாத் குழுவின் 'ஹெவன் அன்ட் ஹெல்' ஆகிய மூன்றும் வெளிவந்தன. ஜூலையில் ஏசி டிசி குழுவின் 'பாக் இன் பிளாக்'. செப்ரெம்பரில் ஒஸி ஒஸ்போர்னின் 'பிளிஸட் ஒவ் ஒஸ்'. ஆண்டு முடியுமுன் மோட்டர்ஹெட் குழுவின் 'ஏஸ் ஒவ் ஸ்பேட்ஸ்'. கடைசியாகக் கூறியதன் அட்டையிலே மூவர் அமெரிக்கப் பாலைவனத்துத் துப்பாக்கி வீரர்போல நிற்பர். உண்மையில் அது லண்டனின் வடபுறத்திலுள்ள ஒரு மணற்குழி! இதை அறிந்த நாளிலிருந்து அவ்வட்டையின்மீது எனக்கு ஒரு தனிப் பிரியம்.

இவ்விசையை அறியாதோருக்கு ஒரு வார்த்தை. மின்கிற்றாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, தாழ்ந்த சுருதியில் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப அடித்து, அதன்மேல் பாட்டை நிறுத்துவது இதன் அடிப்படை. இதன் பிறப்பிடமாகப் பலரும் கொள்வது இங்கிலாந்தின் தொழில் நகரான பேர்மிங்ஹாம். பிளாக் சபாத்தின் கிற்றார் கலைஞர் ரொனி ஐயோமி 1965 இல், தமது 17 ஆவது வயதில், அங்கே ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில் யந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளைத் துண்டித்தது. இடக்கையால் மீட்டுபவராதலின் தந்திகளை அழுத்தவேண்டிய விரல்கள் அவையே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி அவர் மீண்டும் பழகினார். பின்னர் தந்திகளின் இறுக்கத்தைக் குறைத்துச் சுருதியையும் தாழ்த்தினார். உலகெங்கும் இன்று பின்பற்றப்படும் அந்தக் கனத்த ஒலியில், ஊனமுற்ற ஒரு தொழிலாளியின் சமாளிப்புக்கும் பெரும் பங்குண்டு.

இந்தச் செய்தியை இரண்டாம் ஆண்டுக் கருத்தரங்கு ஒன்றிலே கூறினேன். தொழிலாளி வர்க்கம், உற்பத்திச் சாதனங்கள், அந்நியமாதல் என்று நூல்களிலிருந்து இரவல் பெற்ற சொற்களையெல்லாம் அடுக்கினேன். பாராட்டும் கிடைத்தது. அப்போது ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். என் தந்தையார் 30 வருடங்களாக லேத் மெஷினுடன் மாரடிப்பவர். முதலாம் ஆண்டில் "தகப்பனார் என்ன செய்கிறார்?" எனக் கேட்டவர்களுக்குச் "சுயதொழில்" என்று விடையளித்திருந்தேன். அது பொய். பட்டறை அவருடையதன்று.

'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஒலிப்பதிவான சூழலையும் இங்கே கூறவேண்டும். 1980 ஜனவரி 2 ஆந் திகதி தொடங்கி ஏப்ரல் 3 ஆந் திகதிவரை பிரித்தானிய உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டிலேயே அந்நாட்டில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. செப்ரெம்பரில் கொன்செற் நகரின் உருக்காலை மூடப்பட்டது. தேசிய உருக்குக் கூட்டுத்தாபனத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட இசைத்தட்டோ, வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், பீற்றில்ஸ் புகழ் றிங்கோ ஸ்ராருக்குச் சொந்தமான ஒரு மாளிகையிலே ஒலிப்பதிவாகியது. முரண் என்பர் சிலர். நானும் ஒருகால் அப்படியே எழுதினேன். ஆனால் குழுவின் பாடகர் றொப் ஹல்போர்ட் உலைக்களங்கள் சூழ்ந்த வோல்சோல் நகரத்தில் வளர்ந்தவர். பட்டறைச் சம்மட்டிகளின் அதிர்ச்சியைப் பள்ளிக்கூட மேசையிலே உணர்ந்ததை அவர் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். மாளிகையிலிருந்து பாடினாலும் அந்த ஒலியை அவர் வேறெங்கும் போய்க் கற்கவேண்டியிருக்கவில்லை.

சென்ற விடுமுறையில் வீட்டிலே அந்த இசைத்தட்டின் 'மெற்றல் கோட்ஸ்' என்ற பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யந்திர மனிதர் அணிவகுத்து வரும் பாடல் அது. முடிவிலே அவர்களின் காலடி போல ஓர் உலோக ஓசை கேட்கும். ஐயாவுக்கு வலது காது மந்தம். பட்டறை கொடுத்த பரிசு. ஆகவே நான் எதைக் கேட்டாலும் அவர் பொருட்படுத்துவதில்லை. அன்று மட்டும் சாய்மனைக் கதிரையிலிருந்து தலையைத் திருப்பினார்.

"உது இரும்பில்லைத் தம்பி. மெல்லிய தட்டிலை சின்னச் சாமானுகளைப் போட்டுக் குலுக்கினம்."

நான் நகைத்தேன். அது பெரிய இரும்புப் பாளங்களின் ஓசை என்றே எண்ணியிருந்தேன். இரவு தேடிப் படித்தபோது உண்மை தெரிந்தது. கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டி நிறைந்த தட்டுக்களைக் குழுவினர் ஒலிவாங்கியின் முன்னே குலுக்கினார்களாம். அந்தப் பாடலை நூறு முறையாவது கேட்டவன் நான். எனக்குப் புலப்படாதது, பாதி செவிடான ஒருவருக்கு ஒரு தடவையிலே புலப்பட்டது. மறுநாட் காலை அதை அவரிடம் சொன்னேன். "பின்னை?" என்றார், அவ்வளவே. ஆனால் அன்று முதன்முறையாக நான் அவருடன் பட்டறைக்குப் போனேன். பித்தளையை வெட்டும்போதும் உருக்கை வெட்டும்போதும் கருவியின் ஓசை எப்படி மாறும் என்று கேட்டேன். மத்தியானம்வரை காட்டினார். இருபத்து மூன்று வயதுவரை நான் அதை ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.

இதனால் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' குறையற்றது என்பதில்லை. 'யுனைற்றட்' என்ற பாடல் உதைபந்தாட்ட மைதானக் கோஷத்துக்கு மேலாக எனக்குத் தோன்றவில்லை. தனியொரு பாடல் எனக் கொள்வதாயின் 'ஹெவன் அன்ட் ஹெல்' என்னும் தலைப்புப் பாடலே அவ்வாண்டின் சிகரம். 2010 இல் மறைந்த ரொனி ஜேம்ஸ் டியோவின் குரல் அதிலே படிப்படியாக ஏறும் அழகு தனியானது. ஐயோமியின் ஊனமுற்ற விரல்கள் அங்கே இசைக்கும் நிதானமும் அப்படியே. அயன் மெய்டனின் வேகம் இளைஞருக்கு உவப்பானது, ஒலிப்பதிவுதான் மெலிவு.

என் அறை நண்பனோ 'பாக் இன் பிளாக்' கட்சி. அது மெற்றல் வகையைச் சேர்ந்ததுதானா என்று நான் வாதிடுவேன். குழுவின் பாடகர் பொன் ஸ்கொற் 1980 பெப்ரவரியில் 33 வயதில் இறந்தார். ஐந்து மாதத்திலே, புதிய பாடகருடன், கறுப்பு அட்டையில் இது வெளிவந்தது. முதற் பாடல் ஒரு மணியோசையுடன் தொடங்கும். ஏற்கெனவே இருந்த ஒரு மணியின் ஓசையைப் பதிய முயன்றபோது பறவைகளின் சிறகடிப்பு அதைக் கெடுத்துவிட்டதாம். ஆகவே குழுவினருக்கென லவ்பறோ நகர வார்ப்பகத்தில் உருவாகிக்கொண்டிருந்த 2,000 இறாத்தல் வெண்கல மணியையே ஒலிக்கச் செய்தனர்.

விடுமுறை முடியும் நாளில் அதையும் ஐயாவுக்குப் போட்டுக் காட்டினேன். இடது காதை ஒலிபெருக்கியோடு அணைத்து, கிற்றார் வருமுன்னமே நிறுத்தச் சொன்னார். மறுபடியும் மணியை மட்டும் கேட்டார்.

"எத்தினை அந்தர்?"

"பதினெட்டுக்குக் கிட்ட, ஐயா."

"வார்ப்பு நல்லது," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நண்பனுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வழக்கிலே தான் வென்றதாகக் கொண்டாடுவான்.