சிக்மகளூரிலே ஒரு கோப்பிப் பரீட்சை

பெங்களூரிலிருந்து மேற்கு நோக்கி ஏறக்குறைய 245 கிலோமீற்றர் சென்றால் கருநாடக மாநிலத்துச் சிக்மகளூரை அடையலாம். கன்னட மொழியிலே 'சிக்க' என்பதற்குச் சிறிய, இளைய என்பது பொருள். 'மகளூரு' என்பது மகள் ஊர். முன்னாளிலே ஒரு தலைவன் தன் இளைய மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த ஊர் இது என்று அங்குள்ளோர் கூறுவர். சீதனத்தின் அருமையும் பாரமும் அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வூர்ப் பெயர் எளிதில் மறந்துபோகாது.

ஊருக்கு அப்பால் பாபாபுடன் மலைத்தொடர் பிறைபோல வளைந்து நிற்கின்றது. அத்தொடரிலுள்ள முல்லையனகிரி ஏறக்குறைய 1,930 மீற்றர் உயரமுடையது. கருநாடகத்தின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. பதினேழாம் நூற்றாண்டிலே பாபாபுடன் என்னும் முஸ்லிம் பெரியார் மக்கா யாத்திரை முடித்துத் திரும்புகையில், அரபு நாட்டு மோக்காத் துறைமுகத்திலிருந்து ஏழு கோப்பி விதைகளை மறைத்துக் கொணர்ந்து இம்மலையில் நட்டார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அவர் பெயரால் விளங்கும் குகைத் தலம் தத்தாத்திரேயர் பீடமாகவும் போற்றப்படுவது. இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே வழிபட்டு வந்திருக்கின்றனர்.

நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இக்கோப்பித் தோட்டங்கள் தோட்டமாகவே தோன்றா, காடாகவே தோன்றும். உயர்ந்த நிழல் மரங்களின் கீழே கோப்பிச் செடிகள் நிற்கின்றன. அம்மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடிகள் ஏறுகின்றன. மார்ச்சு, ஏப்ரில் மாதங்களில் பெய்யும் மழையைப் 'பூமழை' என்கின்றனர். அம்மழை பெய்த சில நாள்களில் மலையெங்கும் வெண்பூ மலர்ந்து மல்லிகை போல மணக்கும்.

இக்காட்சி ஒருகாலத்தில் நமக்கும் உரியதாயிருந்தது. கண்டிக்கு 1867இல் புகையிரதம் வந்ததே பெரும்பாலும் கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைக்கு ஏற்றிச் செல்வதற்காகத்தான். இரண்டே ஆண்டுகளில், 1869இல், மடுல்சீமைப் பகுதியிலே இலைத்துரு நோய் காணப்பட்டது. பின்னர் கோப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது. அந்நோய் மைசூர் மலைகளுக்கும் பரவியதேனும், அங்குள்ளோர் நோய் தாங்கும் இனங்களைத் தேடிக் கோப்பியைக் காத்துக்கொண்டனர். அவ்வாராய்ச்சிக்கென 1925இல் தொடங்கப்பெற்ற பாலேஹொன்னூர் நிலையம் இன்றும் நடைபெறுகின்றது.

இனி, தலைப்பிற் சொன்ன பரீட்சைக்கு வருவோம்.

அறுவடையான கோப்பிக் கொட்டைகளைத் தரம் பிரிக்கும் ஆலை ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே முதல் பரீட்சகர் சல்லடைதான். வட்டத் துளையிட்ட தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆடுகின்றன. கழுவிப் பதப்படுத்திய அரபிக்கா வகையில், 6.65 மில்லிமீற்றர் துளையிலே விழாது தங்குவது 'ஏ' தரம். அதனூடே விழுந்து 6 மில்லிமீற்றர் துளையிலே தங்குவது 'பி' தரம். பின்னர் உடைந்தவை, கறுத்தவை பொறுக்கி நீக்கப்படுகின்றன. இம்முறையிலே நியாயமும் உண்டு. ஒரே அளவான கொட்டைகளே வறுக்கும்பொழுது ஒருசேர வெந்து நிறம் பெறும். ஆயினும், மாணாக்கரை உயரப்படி நிறுத்தி முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று சான்றிதழ் வழங்கினால் எப்படியிருக்கும் என்று என் மனம் எண்ணாமலில்லை.

இரண்டாம் பரீட்சை அடுத்த அறையிலே நடந்தது. சுவை பார்க்கும் அம்மையார் கோயம்புத்தூரைச் சேர்ந்தவர்; தமிழிலேயே விளக்கினார். இளவறுவலாக வறுத்த கொட்டையைச் சற்றே கரகரப்பாக அரைத்து, கிண்ணத்துக்கு 8.25 கிராம் வீதம் இட்டு, 150 மில்லிலீற்றர் வெந்நீர் வார்த்தனர். பாலில்லை, சீனியில்லை. நான்கு நிமிடம் சென்றபின் மேலே படிந்த ஏட்டைக் கரண்டியால் உடைத்து மணத்தை முகர்ந்தார். பிறகு ஒவ்வொரு கரண்டியாக ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவச் செய்து துப்பினார். ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து கிண்ணங்கள். கிண்ணங்களின்மேல் தோட்டத்தின் பெயரில்லை, தரமில்லை. எண் மாத்திரமே இருந்தது. விடைத்தாளிலே பெயரை விடுத்துச் சுட்டெண்ணை எழுதுவிக்கும் நம் வழக்கத்தின் நோக்கமும் இதுதானே!

ஒரு மாதிரி பெயர்பெற்ற மலைச்சாரலிலிருந்து வந்த 'ஏ' தரம். கொட்டைகள் பருத்து, நீலம் கலந்த பச்சை நிறத்துடன் அழகாயிருந்தன. மற்றையது, அருகிலே கைகட்டி நின்ற சிறு விவசாயி ஒருவருடைய 'பி' தரம். இவ்விவரம் பின்னரே வெளியிடப்பட்டது. முதல் மாதிரியின் நான்கு கிண்ணங்களில் மரத்தூள் ஊறிய நீர் போன்ற சுவை. ஐந்தாவதிலே அழுகல் வாடை. அளவு மீறிப் புளித்த ஒரேயொரு கொட்டை ஒரு கிண்ணத்தையே கெடுத்துவிடும் என்றும், அக்கொட்டை பார்வைக்கு நல்லதாகவே தோன்றலாம் என்றும் அம்மையார் கூறினார். இரண்டாம் மாதிரியிலோ தோடம்பழத்தின் இதமான புளிப்பும், தேன்போன்ற இனிமையும் இருந்தன. ஆற ஆற இனிமை மிகுந்தது. ஐந்து கிண்ணமும் ஒன்றுபோலவே இருந்தன.

அவ்விவசாயிக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். அவர் தம் மரத்துக் கோப்பியைத் தனியே அருந்தியது அன்றுதான் முதன்முறையாம்! விளைச்சல் முழுவதையும் விற்றுவிட்டு, சிக்கரி கலந்த தூளைக் கடையில் வாங்கிக் குடித்து வந்திருக்கிறார். கொட்டை சிறிதென்று விலை குறைகின்றது. ஆகவே பழைய மரங்களைப் பிடுங்கிவிடலாமென்று அவருடைய மகன் சொல்லிக்கொண்டிருந்தானாம். "இது மெய்யாக என்னுடையதுதானா, அம்மா?" என்று அவர் இருமுறை கேட்டதை அம்மையார் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அன்றைய சந்தை விலை சல்லடையின் விலையே. அதனை ஒரு கரண்டிக் கோப்பி மாற்றிவிடவில்லை. ஆனால், செம்பழத்தை மாத்திரம் பறித்து, வேறெதனோடும் கலவாது தனியே உலர்த்தி, சுவை பார்த்து வாங்குவோரிடம் அடுத்த பருவத்திலே காட்டுவதென்று முடிவாயிற்று. மரங்களுக்கு ஓராண்டுத் தவணை கிடைத்தது.

உலகம் போற்றிய மோக்காக் கோப்பியின் கொட்டைகளே சிறியவை, ஒழுங்கற்ற வடிவின. பாபாபுடன் கொணர்ந்த அவ்வேழு விதைகளும் இன்றைய சல்லடையில் ஏறியிருந்தால் எங்கே விழுந்திருக்குமோ! மேற்குக் கரையிலே, தென்மேற்குப் பருவக்காற்றில் வேண்டுமென்றே ஊதவிட்டு, பச்சை நிறம் வெளிறிப் பருக்கச் செய்யும் மலபார்க் கோப்பியோ பார்வைக்குப் பழுதுபட்டதுபோல் இருக்கும். புளிப்புக் குறைந்த அதன் சுவைக்காகவே ஐரோப்பியர் அதனை விரும்பி வாங்குகின்றனர்.

இல்லத்தரசிகள் இப்பரீட்சையை வீட்டிலேயே நடத்தலாம். இரண்டிடத்துக் கோப்பியை, மல்லியும் சுக்கும் சேர்க்காது, ஒரே பதமாக வறுத்து, ஒரே அளவு நீர் வார்த்து, எது எதுவென்று அறியாதபடி பிள்ளைகளைக் கொண்டு கோப்பைகளை மாற்றி வைப்பித்துச் சுவைத்துப் பாருங்கள். சூடாயிருக்கையில் ஒருமுறையும் ஆறியபின் ஒருமுறையும் சுவைத்தல் வேண்டும். சூடு மறைத்த குற்றத்தை ஆறிய கோப்பி காட்டிக்கொடுத்துவிடும்.

கண்டி, மாத்தளைப் பகுதிகளிலே வீட்டுக் கொல்லைகளில் இன்றும் கோப்பிச் செடிகள் நிற்கின்றன. அவற்றின் பழத்தைக் காயும் கனியுமாக உருவி, உலர்த்தி, நிறைப்படி விற்றுவிடும் குடும்பங்கள் பல. அவர்களும் ஒருமுறை தம் செடியின் கோப்பியைத் தனியே வறுத்துச் சுவைத்துப் பார்ப்பார்களாக. தன் பொருளின் சுவையைத் தானே அறியாதவன், பிறர் சொல்லும் விலைக்குத்தானே அதனைக் கொடுக்க வேண்டியிருக்கும்?