பெட்டிக்காரர் தலையசைத்தால்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் கடிதம் வந்தது. கொலோனில் ஹார்ப்சிகார்ட் நன்றாகப் போகிறது என்றதும் சித்தி லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆனால் கடைசியில், "அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான் நம்ம நிறம். பாஹ் வாசிக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? நம்ம ஆள் யாராவது இந்தப் பக்கம் போயிருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாய். இளையராஜா பாட்டில் வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? மனசு கொஞ்சம் சுட்டது.

உன் வாத்தியார் கையில் கோல் பிடிக்காமல், ஹார்ப்சிகார்டில் இருந்தபடியே குழுவை நடத்துகிறார் என்று அதிசயப்பட்டு எழுதியிருந்தாய். எங்களுக்கு அது பழகிய காட்சி. தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் ஆர்மோனியப் பெட்டிக்காரர்தான் எல்லாம். இடது கை துருத்தியில், வலது கை கட்டையில். சைகை காட்டக் கை ஏது? தலைதான். அவர் தலையசைத்தால் தபேலா நிற்கும். இன்னொரு அசைப்பில் ராஜபார்ட் அடுத்த அடியைப் பிடிப்பார். பாட்டு மறந்தவனுக்கு எடுத்துக் கொடுப்பதும், சுருதி நழுவியவனை இழுத்துக்கொண்டு வருவதும் அவரே. நாடகம் முடிந்ததும் முதல் தேத்தண்ணி அவருக்குத்தான் போகும், ராஜபார்ட்டுக்கு அல்ல. கீழ்ச்சுரத்துக்கு அடியில் இருக்கும் எண்களைப் பார்த்து நீ கையோடு இட்டு நிரப்புகிறாயே, அவர் எண்ணும் இல்லாமல் செய்தார்.

ராஜா வந்ததும் அந்தப் பெட்டியிலிருந்துதான். அதுவும் தேயிலைக் காட்டு வழியாக. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, மூணாறுத் தோட்டங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர் ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். அங்கே கொழுந்து எடுத்ததும் நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய சனம்தான். சனத்துக்குத் தெரிந்த சினிமா மெட்டில் கட்சியின் சொல்லைப் போட்டுப் பாடுவார் பாவலர். நம் பக்கம் தொழிற்சங்கத் தலைவர் நடேசையரின் மனைவி மீனாட்சி அம்மை அதற்கு முன்பே கூட்டங்களில் இப்படிப் பாடித்தான் தொழிலாளரைச் சேர்த்தார். இதை மட்டமான வேலை என்று சொல்லும் பண்டிதர்களிடம் நான் ஒன்று கேட்பேன். 1733இல் ஓர் அரசியின் பிறந்தநாளுக்கு எழுதிய மெட்டை, மறு வருஷம் வேறு சொல் போட்டு நத்தார்ப் பாட்டாகக் கோயிலில் ஏற்றினாரே பாஹ், அதை என்னவென்று சொல்வீர்கள்?

பிறகு 1968இல் ராஜாவுக்கு மதராஸ். தாயார் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பிள்ளைகள் கையில் கொடுத்த கதை உனக்குத் தெரியும். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம்தான் மேற்கத்திய நொட்டேஷனும் பாஹும் கிடைத்தன. 'அன்னக்கிளி' 1976இல் வந்தது. இலங்கை வானொலியில் அந்தப் பாட்டுக்காகக் காத்திருப்போம். பட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். ஹட்டனில் வெயில் கிடைத்தால்தானே! 'சிட்டுக்குருவி' 1978இல் வந்தபோது, 'என் கண்மணி' பாட்டில் ஆணும் பெண்ணும் வேறு வேறு மெட்டை ஒரே நேரத்தில் பாடினார்கள். இரண்டும் மோதவில்லை. அதற்குக் கவுண்டர்பாயிண்ட் என்று பெயர் இருப்பது லயத்தில் எவருக்கும் தெரியாது, ஆனால் வேலைக்காகப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் ஆளுக்கு ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள்.

1986இல் வந்த ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைநாடாவை நீ போகும்போது பெட்டியில் வைத்தேன். கேட்கவே இல்லை போலிருக்கிறது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்த நாடா அது. அதில் ஒன்று 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்'. பாஹின் இ மேஜர் பார்ட்டிட்டா முன்னிசை அதில் வருகிறது, வயலின் வி. எஸ். நரசிம்மன். அடுத்தது 'அண்ட் வீ ஹாட் எ டாக்'. கவனித்தாயா? பாஹ் வீட்டு வாசலில் போய் நின்று ராஜா அனுமதி கேட்கவில்லை. பாஹ் இவர் வீட்டுக்கு வந்தார், இருவரும் பேசிக்கொண்டார்கள். இதைக் கலப்படம் என்கிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. 2025 மார்ச் 8இல் லண்டனில் அவருடைய சிம்பொனியும் அரங்கேறிவிட்டது. எண்பதைத் தாண்டிய மனிதர்.

அந்த நாடாவில் 'மேட் மோட் மூட் ஃபியூக்' என்று ஒன்று இருக்கிறது. அதைக் காதால் கேட்டு நொட்டேஷன் எழுதி, உன் வாத்தியாருக்கு வாசித்துக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எழுது. தொலைபேசி வேண்டாம், கடிதமாகவே வரட்டும். அண்ணன் வரும்போது தேயிலை கொடுத்துவிடுகிறேன். கடையில் விற்கிறதைக் குடிக்காதே.

அன்புடன்,
சித்தப்பா