தாளக்காரப் பையன்

ஆனி மாதக் கடைசி, ஒரு சனிக்கிழமை. தென்காசிப் பெரிய கோயில் கோபுர வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாசலில் காற்று சும்மா வீசுவதில்லை, ஆளைத் தள்ளும். வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். நெடுங்காலம் பிளந்து கிடந்த கோபுரம் 1990இல்தான் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது. இலஞ்சியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார்.

இரண்டு மாதமாக அவர் ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க ஸ்கூல் பையங்க நாலஞ்சு பேரு சனி, ஞாயிறு ஆனா மேளம் படிக்கப் போறானுவ. ஒருக்க வந்து பாருங்க. அந்த அண்ணாச்சிகிட்ட பேசுங்க."

மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற சாலையிலிருந்து இடப்பக்கம் பிரியும் மண்பாதை. தென்னந்தோப்பு. அதற்குள் தேங்காய் உரிக்கிற கொட்டகை. வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது. அதைக் கச்சேரி என்று சொல்ல முடியாது. ஒரே நடையை ஏழெட்டுப் பேர் திரும்பத் திரும்ப அடிக்கிற சத்தம். ஓரிடத்தில் வழுக்கும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பதினோரு பிள்ளைகள். பத்து வயதிலிருந்து பதினேழு வரை. நாயனம் மூன்று, தவில் நான்கு, பம்பை ஒன்று, உறுமி ஒன்று. தவில் கிடைக்காத ஒரு பையன் மரக்கட்டையில் கழியால் தட்டிக்கொண்டிருந்தான். தாளத்தை வைத்துக்கொண்டு நின்றவன்தான் எல்லாரிலும் சின்னவன். நாயனம் ஊதிய மூவரில் ஒருத்தி பெண், வாத்தியாரின் பேத்தி. வாத்தியாருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முண்டா பனியன், தோளில் துண்டு, வலக்கைக் கட்டைவிரலில் காய்ப்பு.

"வாங்க சார், இரிங்க. எல, அந்தப் பெஞ்ச இங்ஙன போடு."

நையாண்டி மேளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கரகாட்டம்தான் நினைவுக்கு வரும். 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படம் அந்தப் படிமத்தை நன்றாகவே ஊன்றிவிட்டது. ஆனால் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மேளத்தின் தலையாய வேலை கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. அம்மன் கோயில் என்றால் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவு குடி அழைப்பு, மறுநாள் மதியக் கொடை, இரவு சாமக் கொடை. மேளம் நின்றால் சாமி நின்றுவிடும் என்பது இங்கே எழுதாத சட்டம். சாமியாடியின் கால் எந்த வேகத்தில் விழுகிறதோ அந்த வேகத்துக்குத் தவில் போக வேண்டும். சில சமயம் தவில்தான் காலை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு இரவு, ஒரு பகல் தோளை விட்டு இறங்காத வாத்தியத்தோடு நின்று வாசிப்பதைச் சபாக் கச்சேரியோடு ஒப்பிட்டு யாராவது 'சின்ன மேளம்' என்று தள்ளினால் எனக்குக் கோபம் வரும்.

சொற்கட்டுக் கணக்கை வாத்தியார் விரல் மடக்கி விளக்கினார். மூன்றாவது சுற்றுக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை, அதனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. என் கண்ணைப் பிடித்து இழுத்தது வேறொன்று. கொட்டகையின் மூலையில் ஒரு விறகடுப்பு. அதன்மேல் கம்பிவலை. வலையின்மேல் வெள்ளை வெள்ளையாக, விரல் நுனி அளவில் சின்னச் சின்னக் குல்லாய்கள்.

"கூடு" என்றாள் பேத்தி.

தவிலின் இடப்பக்கம் தொப்பி, அதில் கழி விழும். வலப்பக்கம் வலந்தலை, அதில் விரல் விழும். வெறும் விரல் விழுந்தால் அந்தக் கணீர் சத்தம் வராது, விரலும் தாங்காது. அதற்குத்தான் கூடு. பழைய வேட்டியைச் சுண்டுவிரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழிக்கிறார்கள். மைதாவைக் காய்ச்சிய பசையில் நாடாவை முக்கி எடுத்து, விரலிலேயே வைத்துச் சுற்றுகிறார்கள். ஒரு சுற்று, அதன்மேல் பசை, இன்னொரு சுற்று. கொஞ்சம் இறுகியதும் மெல்ல உருவி எடுத்துக் காயவைக்க வேண்டும். காய்ந்தால் கல்லு மாதிரி. ஒருவன் கூட்டை இன்னொருவன் போட முடியாது. விரலின் அளவு மட்டுமல்ல, விரலின் வளைவும் அதில் இருக்கிறது.

சாரல் காலத்தில் கூடு காய்வதில்லை. வெளியே மாவு சலித்த மாதிரி தூற்றிக்கொண்டே இருந்தது. வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் மேகம் மூடிவிடும். அதனால்தான் அடுப்பு. தோலுக்கும் அதே கதைதான். ஈரக் காற்று பட்டால் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். வார் பிடித்த பழைய தவிலை இழுத்து ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இப்போது எல்லாம் நட்டு-போல்ட் தவில். தவில் பழகும் மூத்த பையன் ஒருவன் டவுசர் பையில் ஸ்பேனரோடு திரிந்தான். பாட்டுக்குப் பாட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். உறுமியையும் பம்பையையும் அடுப்பின் அனலில் காட்டி, காட்டி, தட்டிப் பார்த்து எடுத்தார்கள்.

அடுப்புக்கு மேலே சட்டத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. வாத்தியார் இறக்கித் திறந்து காட்டினார். உள்ளே நிறையப் பழைய கூடுகள். சில மஞ்சளாகி, சில விண்டு. "பிள்ளைகளுக்கு வெரலு வளரும்லா, வருசத்துக்கு ஒருக்க புதுசு சுத்தணும். பழச நான் தூரப் போடுததில்ல." ஒன்றை எடுத்துத் தன் சுண்டுவிரல் நுனியில் வைத்தார். பாதிகூட இறங்கவில்லை. "இவன் இப்ப துபாய்ல ஏசி மெக்கானிக்கு" என்றார். இன்னொன்று: "இவன் போலீஸ்ல இருக்கான்." இன்னொன்றை எடுத்தவர் எதுவும் சொல்லாமல் திரும்பப் போட்டு மூடினார். நானும் கேட்கவில்லை.

அவர் பிறந்தது சுரண்டை பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா தவில்காரர். ஒன்பது வயதில் அப்பாவின் செட்டில் தாளம் போடப் போனார். செங்கோட்டைக்கு மேற்கே புளியரை, ஆரியங்காவு என்று மலை தாண்டிப் புனலூர் வரை கோயில் கோயிலாகப் போயிருக்கிறார்கள். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது, அதனால் இந்த ஊர் மேளத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் அந்நியமாக இருந்ததே இல்லை. "தாளம் போடுதவனுக்கு வேல ஒண்ணும் இல்லன்னு நெனப்பாவ. ரெண்டு தவிலுக்கும் நடுவுல அவன்தான் நிப்பான். ரெண்டு பேரு கையும் அவன் கண்ணுக்கு நேரா இருக்கும். நாலு வருசம் அங்ஙன நின்னா, ஒருத்தன் சொல்லித் தரவே வேண்டாம், கை தானா பேசும்."

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. மேளத்துக்குள்ளேயே ஒரு சிறுவன் நிற்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். நாதசுரக் கச்சேரியான பெரிய மேளத்திலும் இதே ஏற்பாடுதான். ஒத்து ஊதியவர் பெரும்பாலும் சீடர். சுருதியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் குருவின் பக்கத்தில் நிற்பதுதான் படிப்பு. சுருதிப்பெட்டி வந்தது, ஒத்து போயிற்று, அந்த இடமும் போயிற்று. நம் பக்கத்துக்காரரான காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்தவர். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டி போடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். குருவின் பக்கத்தில் நின்று காதால் வாங்கியதுதான் அந்த ஊதலுக்குள் இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது இன்னொரு கொட்டகையும் நினைவுக்கு வந்தது. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஒரு கார் கொட்டகையில் பதினோரு இளைஞர்களை வைத்து ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். அது லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தொட்ட இயக்கமாயிற்று. அவர் செய்த பெரிய காரியம், அரசிடம் கலைக்கான காசைக் கேட்காமல் சமூக நலத்துக்கான காசைக் கேட்டு வாங்கியது. அங்கேயும் பதினொன்று, இந்தத் தேங்காய்க் கொட்டகையிலும் பதினொன்று என்று எண்ணியபோது மனம் கொஞ்சம் பொங்கிவிட்டது. நம்மிடமும் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி திருநெல்வேலியில் இருக்கிறது. நாதசுரம், தவில் இரண்டும் அங்கே மூன்றாண்டுப் படிப்பு. நல்ல வாத்தியார்கள் உருவாக்கிய நல்ல பிள்ளைகள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் மேலகரத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையனுக்குத் திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். பம்பைக்கும் உறுமிக்கும் இன்னும் அதிக தூரம்.

"இப்ப செட்டுல தாளக்காரனே இல்ல சார்" என்றார் வாத்தியார். ஏன் என்று கேட்டேன்.

அதுவரை நிதானமாகப் பேசியவர் குரல் மாறியது. முன்பெல்லாம் கோயில் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கே வந்து வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுப்பார்கள். இப்போது ஏஜென்ட். கரகாட்டம், மேளம், செண்டை, லைட், மைக் எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுகிறான். கமிட்டி கொடுப்பது எவ்வளவு என்று வாசிப்பவனுக்குத் தெரியாது, வாசிப்பவன் வாங்குவது எவ்வளவு என்று கமிட்டிக்குத் தெரியாது. "ஏழு பேரு செட்ட அஞ்சு பேரா வாங்கன்னுவான். மொதல்ல யாரக் கழிப்போம்? சின்னப் பயலத்தான. தாளத்த உறுமிக்காரன் கால்ல கட்டிக்கிடுவான்." கொடை முடிந்து மூன்று வாரம், நான்கு வாரம் கழித்துத்தான் பணம் வரும். அதுவும் நடந்து நடந்து.

இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது. ஊரில் தலைக்கட்டு வரி போட்டு, கூலிக்காரரும் பீடி சுற்றும் பெண்களும் கொடுத்த காசு அது. வாத்தியாரின் மனைவியே பீடி சுற்றுகிறவர். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, சுற்றி, எண்ணிக் கொடுத்து, கழிவு போக மிச்சத்தை வாங்குகிறவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனியும் சித்திரையும் வைகாசியும், அதாவது வருஷத்தின் பாதிச் சம்பாத்தியம், அப்படியே போயிற்று. அந்த வீடு அவர் சுற்றிய பீடியில்தான் ஓடியது. அவரும் அம்மன் கோயிலுக்கு வரி கொடுக்கிறார். அந்த வரியில் ஒரு பங்கு, ஒரு நாளும் தோளில் வாத்தியம் சுமக்காத ஒருவன் சட்டைப்பையில் போய் விழுகிறது. அது கூலியை மட்டும் தின்னவில்லை. இரண்டு தவிலுக்கு நடுவே பையன் நின்ற இடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த தலைமுறைத் தவில்காரன் அந்த இடத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதே மேலகரம்தான் திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஊருக்கே தெரியும். மன்னர் காலத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கமிட்டிக்காரர்கள் தங்கள் கையாலேயே அச்சாரம் கொடுக்கலாம், தாளக்காரப் பையனோடு சேர்த்து ஏழு பேர் வர வேண்டும் என்று கேட்கலாம். ஒரு போன் எண்தான் வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது, உறுப்பினர் அட்டை இருக்கிறது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு ஊர்க் கோயில் கமிட்டியின் கையிலும் இருந்தால் ஏஜென்டுக்கு என்ன வேலை?

சின்னப் பிள்ளைகளை ராத்திரி முழுக்க நிற்க வைக்கலாமா என்றும் கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். "நாங்க நின்ன மாதிரி இவனுவ நிக்க வேண்டாம். பள்ளிக்கூடம் உண்டும்னா கொடைக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். லீவுன்னா மதியக் கொடைக்கு மட்டும். அதுக்குத்தான் இந்தக் கொட்டாய். அந்த எடம் செட்டுல இல்லன்னா, இங்ஙனயாவது இருக்கட்டும்." பிள்ளைகளிடம் அவர் காசு வாங்குவதில்லை. தோப்புக்காரரும் வாடகை கேட்பதில்லை. நாயனத்துக்கான சீவாளி மட்டும் திருவாவடுதுறையிலிருந்து கட்டாக வரவழைக்க வேண்டியிருக்கிறது. பழகுகிற பிள்ளை கடித்துக் கடித்து வாரத்துக்கு ஒன்றைக் கெடுத்துவிடும். அந்தச் செலவை நண்பரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாலை நான்கு மணிக்கு எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள். காலையில் வழுக்கிய இடம் இன்னும் வழுக்கியது. ஆனால் இரண்டாம் சுற்றில் பம்பை கொஞ்சம் முந்திக்கொண்டு ஓட, தாளக்காரப் பையன் கண்ணை அகல விரித்து அவனைப் பார்த்து, தாளத்தை ஒரு மயிரிழை அழுத்திப் போட்டான். பம்பை அடங்கி வந்து சேர்ந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வாசிப்பு முடிந்து பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் அந்தப் பையனைக் கூப்பிட்டார். "எல, இங்ஙன வா. கைய நீட்டு."

பையன் வலக்கையை நீட்டினான். அவர் வேட்டி நாடாவைப் பசையில் முக்கி, ஆள்காட்டி விரலில் சுற்றத் தொடங்கினார். பிறகு நடுவிரல், மோதிர விரல். பையன் மூச்சு விடவில்லை. மூன்று விரலும் முடிந்ததும் உருவ வேண்டும். அதற்குள் அவனைக் கூட்டிப் போக அண்ணன் சைக்கிளில் வந்துவிட்டான். "அப்படியே வீட்டுக்குக் கொண்டு போ, அம்மாகிட்ட சொல்லி அடுப்புக்கிட்ட வச்சு உருவு. நனச்சுறாத" என்றார் வாத்தியார்.

தாளத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். பேத்தி அதை எடுத்து ஒருமுறை மெல்ல மோதிப் பார்த்தாள். வெளியே சாரல் விடவில்லை. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் இடக்கையால் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையை அவன் முதுகுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவே, மழை படாமல், விரல்களை விரித்தபடி வைத்திருந்தான்.