கபடியும் மீன் எண்ணெய் மாத்திரையும்

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதைப் படித்துத் தொலைத்தேன். வீணாகப் போக வேண்டாமே என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

என் தம்பி கபடி ஆடுவான். எங்கள் வீடு குப்பனூரில், ஏற்காடு மலை ரோடு ஆரம்பிக்கிற பக்கம். இந்தப் பொங்கலுக்கு நடந்த போட்டியில், ரெய்டு வந்தவனைப் பிடிக்கப் பாய்ந்தபோது அவன் முட்டி இவன் நெற்றிப்பொட்டில் இடித்துவிட்டது. எழுந்து நின்றான், ஆடி முடித்தான், கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். ராத்திரி சாப்பிடும்போது, "அக்கா, நாங்க ஜெயிச்சோமா?" என்றான். கோப்பை அவன் பக்கத்திலேயே இருந்தது.

அம்மா ஆடிப்போய்விட்டார். 2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் கபடி ஆட்டத்தில், சேலத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் ரெய்டு போன இடத்திலேயே இறந்தான் இல்லையா, அதிலிருந்தே அவருக்குப் பயம். டாக்டரிடம் ஓடினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் தான் சொல்லும்வரை ஆடக்கூடாது என்றார்.

மூன்றாம் நாள் தம்பி ஒரு டப்பாவோடு வந்தான். மீன் எண்ணெய் மாத்திரை. "மூளைக்கு நல்லதாம்க்கா. இதப் போட்டா ஞாயித்துக்கிழமையே ஆடலாம்னு டீம்ல சொல்றாங்க." விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது!

அதற்கப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். மீன் எண்ணெய் சும்மா கதையில்லை. மூளையின் கொழுப்பில் டி.எச்.ஏ. நிறைய உண்டு, மத்தி, அயிலை மீனில் இருப்பதும் அதுதான். 2016-ல் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்கக் கால்பந்து ஆடும் கல்லூரி மாணவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு நைந்தால் இரத்தத்தில் கூடுகிற ஒரு புரதம், மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே கூடியது. சரி, நல்ல செய்திதான். ஆனால் அடிபட்ட மூளை சீக்கிரம் ஆறியது என்று அதற்கு அர்த்தமில்லை.

தலை குலுங்கியபின் மூளைச் செல்களுக்குச் சக்தி அதிகம் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டம் குறையும். ஸ்கேனில் இது தெரியாது. அந்த நாட்களில் இன்னொரு இடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். 2013-லேயே அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது: இந்த மாத்திரைகள் தலையடியைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை, இதை நம்பி ஆறுவதற்குள் களம் இறங்குவதுதான் ஆபத்து. அப்படியே என் தம்பி கதை!

2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜா ஹெல்மெட்டில் பந்து பட்டதும் அவரை உட்கார வைத்து சாஹலை இறக்கினார்கள். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனின் முதல் டி20 ஆட்டம் அது. ஊர்க் கபடியில் உட்கார வைக்க யார் இருக்கிறார்கள்? அக்காதான்.

"ஒரு நாள், ரெண்டு நாள் ஓய்வு. அப்புறம் நடை, ஓட்டம், தனியா பயிற்சின்னு ஒவ்வொரு படியா. தலைவலி வந்தா ஒரு படி கீழ. பிடி ஆட்டம் கடைசியில, அதுவும் டாக்டர் சரின்னா" என்றேன். முறைத்தான். அம்மா தன் பங்குக்கு தினமும் வல்லாரைத் துவையல் அரைத்தார். அதற்கும் இதே நிபந்தனைதான் என்று சொல்லி நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வெளியே உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் டீம் 2 புள்ளியில் தோற்றது. வீடு வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.